மூக்கர் கடைசியில் பேசினார்

அந்தத் தெருவில் டிரை கிளீனிங் கடை வைத்திருந்தவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூக்கர் என்றால்தான் தெரியும். மூக்கு நீளம் என்பதால் வந்த பட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். பார்க்கப்போனால் அவருக்குச் சப்பை மூக்குதான். கறை பட்ட துணியைக் கொண்டுபோய் மேசையில் வைத்தால், "என்ன கறை?" என்று அவர் கேட்கமாட்டார். துணியைத் தூக்கி ஒரு தரம் முகர்ந்து பார்ப்பார். "பால். நேத்து பட்டது. குழந்தை கக்கினதுதானே?" என்பார். கொண்டுவந்த தாய் வாயைப் பிளப்பாள். ஒரு தரம் ஒருவர் சட்டையைக் கொடுத்து, "பேனா மைங்க" என்றார். பக்கத்திலேயே அவர் மனைவி நின்றிருந்தாள். மூக்கர் முகர்ந்தார், மனைவியின் முகத்தைப் பார்த்தார், "ஆமாங்க, மைதான்" என்று சட்டையைச் சுருட்டி உள்ளே போட்டுக்கொண்டார். பேனாவுக்கு உதட்டுச்சாயம் பூசுகிற வழக்கம் எந்த ஊரிலும் இல்லை. ஒரு குடும்பம் பிழைத்தது.

அவருடைய உண்மையான பெருமை கடையில் இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம் பல் டாக்டர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்தது. அங்கே ஐந்து பேர் கூடுவார்கள்: பல் டாக்டர், பியானோ டீச்சர், பஸ் டிப்போ மேனேஜர், மருந்துக்கடை வைத்திருந்த பெண், மூக்கர். கூடுவது விண்டேஜ் போர்ட் ஒயினுக்காக. நல்ல விளைச்சல் வந்த வருஷத்தில் மட்டும் போடுகிற இனிப்பான, கனமான ஒயின் அது. பாட்டிலுக்குள்ளேயே இருபது முப்பது வருஷம் படுத்துக் கிடந்து முதிரும். குடிக்கிற கூட்டம் என்று யாராவது சொல்லிவிட்டால் அவர்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆளுக்கு ஒரு சின்னக் கோப்பை, அவ்வளவுதான். குடிப்பதைவிட முகர்வது அதிகம், முகர்வதைவிடப் பேசுவது அதிகம்.

அவர்களுக்கென்று சில கட்டுப்பாடுகள் இருந்தன. பாட்டிலைக் கொண்டுவந்தவர் கடைசி வரை வாயைத் திறக்கக் கூடாது. சென்ட், பவுடர், வாசனை சோப்பு எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. இதில் மூக்கர் சர்வாதிகாரி. பியானோ டீச்சர் ஒரு தரம் கைக்கு ஏதோ கிரீம் தடவிக்கொண்டு வந்துவிட்டார் என்று, அந்த அம்மாளைக் குழாயடிக்கு அனுப்பிக் கையைத் தேய்த்துக் கழுவ வைத்திருக்கிறார். முதலில் பேசுவதும் அவர்தான். கோப்பையை ஒரு சுழற்று சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொள்வார். மேசையே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். "தக்கை கெட்டிருக்கு. ஈர அட்டைப்பெட்டி நாத்தம். கொட்டிடுங்க" என்று அவர் சொன்னால் கொட்டுவார்கள். கொண்டுவந்தவர் முகம் சுண்டிப்போகும், ஆனால் மறுபேச்சு இருக்காது. கெட்ட தக்கையின் வாசனைக்கு ஈர அட்டைப்பெட்டி என்று அந்த மேசையில் பெயர் வைத்ததே அவர்தான்.

போன மழைக்காலத்தில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. எல்லாருக்கும் வருவதுதான். காய்ச்சல் போனது, போகும்போது வாசனையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. கடைக்குத் திரும்பிய அன்று ஒரு கம்பளிச் சட்டையை எடுத்து முகர்ந்தார். ஒன்றும் இல்லை. சளி என்று நினைத்துக்கொண்டார். சளியும் போனபிறகு ஒருநாள், கறை எடுக்கிற திரவ டின்னைத் திறந்து மூக்கை அதன் வாயிலேயே வைத்தார். சாதாரண மனிதனை இரண்டடி பின்னால் தள்ளுகிற நெடி அது. அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, நெடி வரவில்லை. டின்னை மூடிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தவர், வாடிக்கையாளர் ஒருவர் வந்து மணியை அடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

காது மூக்கு டாக்டர் ஒருவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "வரலாம், வராமலும் போகலாம்" என்றார். இதைச் சொல்ல ஒரு டாக்டர் வேண்டுமா என்று மூக்கர் வழியெல்லாம் பொருமிக்கொண்டு வந்தார்.

மனைவியிடம் அவர் சொல்லவில்லை. பிடிபட்டார். துணி துவைக்கும்போது கடைசித் தண்ணீரில் ஊற்றுகிற பூ வாசனைத் திரவம் ஒன்றை அவள் புதிதாக வாங்கியிருந்தாள். பழைய மூக்கராக இருந்தால் அந்தப் பாட்டில் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்திருக்காது. ஒரு வாரம் அந்தச் சட்டைகளைப் போட்டுக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் திரிந்தார்.

"என்னங்க, உங்களுக்கு இந்த வாசனை பிடிச்சிருக்கா?"

"எந்த வாசனை?"

அவ்வளவுதான். முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தாள்.

"எப்பலேருந்து?"

"காய்ச்சல்லேருந்து."

"அங்க சொல்லிட்டீங்களா?"

"என்னத்தச் சொல்றது? மூக்கில்லாத மூக்கருக்கு அங்க என்ன வேலை?"

"காய்ச்சல்ல போச்சுன்னா யாரு உங்கள என்ன சொல்லப்போறாங்க? திருடினீங்களா, கொள்ளையடிச்சீங்களா?"

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இந்த இடத்தில்தான் எனக்கு இந்த மனிதர் மேல் எரிச்சல் வருகிறது. காலொடிந்தவன் கட்டுப் போட்டுக்கொண்டு எல்லாருக்கும் காட்டுகிறான். கண் மங்கினவன் கண்ணாடி போட்டுக்கொள்கிறான். மூக்கு போனதில் என்ன வெட்கம்? ஆனால் அவருக்கு வெட்கமாக இருந்தது. அம்மணமாகத் தெருவில் நிற்கிற மாதிரி இருந்தது. அந்த மேசையைத் தவிர வேறு எங்கும் யாரும் அவருக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டதில்லை. "அடுத்த மாசம் சொல்லிடறேன்" என்றார்.

அடுத்த மாதம் அவர் சொன்னது வேறு.

"இனிமே நான் முதல்ல பேசப்போறதில்ல. நான் ஒண்ணு சொன்னா நீங்க எல்லாரும் அதையே புடிச்சுக்கறீங்க. உங்க மூக்கு வளரமாட்டேங்குது. வயசுல சின்னவங்கள்லேருந்து ஆரம்பிக்கட்டும். நான் கடைசியில சொல்றேன்."

பல் டாக்டர் மேசையைத் தட்டினார். "இதுக்குப் பேருதான் பெரிய மனசு!"

எல்லாரும் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடினார்கள். அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சூடாகிச் சிவந்தது. அடக்கத்தால் சிவந்ததாக டீச்சர் நினைத்துக்கொண்டார்.

அதன் பிறகு அவர் பிழைப்பு ஓடியது. நாக்குக்கு இனிப்பு தெரியும், புளிப்பு தெரியும், தொண்டையில் இறங்குகிற சூடு தெரியும். நிறத்தைக் கண் சொல்லும். மிச்சத்தை மற்றவர்கள் சொல்வார்கள். மேனேஜர் திராட்சை என்பார், டீச்சர் பிளம் பழம் என்பார், டாக்டர் புருவத்தைத் தூக்குவார். மருந்துக்கடைப் பெண் மட்டும் யோசித்து, குறி தவறாமல் ஒன்று சொல்வாள். மூக்கர் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி, மேலே ஒரு வார்த்தை தூவிக் கடைசியில் வைப்பார். "எப்படிங்க இவ்வளவும் ஒரே மூக்குக்குள்ள போகுது?" என்று மேனேஜர் வியப்பார். நாலு பேர் மூக்கைக் கடன் வாங்கினால் போகாமல் என்ன செய்யும்? அந்த ஞாயிறுகளில் வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டு முகத்தைக் கழுவுவார். மனைவி துண்டை நீட்டுவாள், எதுவும் கேட்கமாட்டாள். கேட்காமல் இருந்ததுதான் அவரை இன்னும் குறுக வைத்தது.

மருந்துக்கடைப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த மேசையில் அவள்தான் இளையவள். காலாவதியான மாத்திரையைக் கண்ணில் பட்டவுடன் குப்பையில் போடுகிற கறார்ப் பேர்வழி. அவள் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பிள்ளை பிறந்த வருஷத்து ஒயினை வாங்கிப் படுக்க வைத்து, பிள்ளை வளர்ந்ததும் திறந்து குடிக்கிற மனிதர்கள் இருக்கிறார்கள் என்று யாரோ ஒரு கப்பல் சமையல்காரர் அவரிடம் சொல்லிவிட்டார். அது மனசில் ஒட்டிக்கொண்டது. மகள் பாலர் பள்ளிக்குப் போகத் தொடங்கிய சமயம், அவள் பிறந்த வருஷத்துப் போர்ட் கடைக்கு வந்திருக்கிறது என்று தெரிந்து, அந்தச் சமையல்காரரிடமே சொல்லி இரண்டு பாட்டில் வரவழைத்தார். படிக்கட்டுக்குக் கீழே இருந்த அலமாரியில் படுக்க வைத்தார். வீடு மாறியபோது மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அவர் வாழ்நாளில் ஒயின் குடித்ததில்லை.

"ஒண்ண விஷயம் தெரிஞ்சவங்ககிட்ட குடு. நான் வாங்கினது சரக்கா, சாயத்தண்ணியான்னு அவங்க சொல்லட்டும். இன்னொண்ண நாம ரெண்டு பேரும் உக்காந்து குடிப்போம்" என்று மகளிடம் சொல்லிவைத்திருந்தார்.

விஷயம் தெரிந்தவர் என்று அவர் மனசில் வைத்திருந்தது ஒரே ஒரு ஆளைத்தான். மகள் அவ்வளவு சொல்லியிருந்தாள் மூக்கரைப் பற்றி.

அந்த ஞாயிறு வந்தது. முந்தின நாளே பாட்டிலை நிறுத்திவைத்து வண்டலை அடியில் இறங்க விட்டிருந்தார்கள். பல் டாக்டர், பல் பிடுங்குவதைவிடப் பக்குவமாகத் தக்கையைப் பிடுங்கினார். அப்படியும் அது பாதியில் உதிர்ந்தது. பாட்டில் கழுத்துக்குப் பின்னால் மெழுகுவத்தி வைத்து, வண்டல் வருகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கண்ணாடிக் குடுவைக்கு மாற்றினார். ஐந்து கோப்பைகளிலும் ஊற்றியாயிற்று. ஐந்து பேரும் மூக்கை வைத்தார்கள்.

யாரும் பேசவில்லை.

முறைப்படி இளையவள்தான் தொடங்க வேண்டும். ஆனால் பாட்டில் அவளுடையது, வாய் திறக்கக் கூடாது. அடுத்தது மேனேஜர். அவர் கூரையைப் பார்த்தார். "நான் அப்புறம் சொல்றேனே" என்றார். டீச்சர் கோப்பையை வெளிச்சத்துக்குத் தூக்கி, "நிறம் அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டு இறக்கிவைத்தார். டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இன்னிக்கு மட்டும் பழைய மாதிரி மூக்கரே ஆரம்பிக்கட்டும்."

மூவருக்கும் அந்தக் கெட்ட தக்கை நாற்றம் எட்டியிருந்தது. பலமாக இல்லை, ஆனால் இருந்தது. ஒரு மனிதர் இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை எந்த வாயால் கெட்டது என்று சொல்வது? மூக்கர் சொல்லட்டும், அவர் சொன்னால் வலிக்காமல் சொல்வார் என்று விட்டுவிட்டார்கள்.

மூக்கர் அவர்கள் முகங்களைப் படித்தார். குனிந்த தலைகள், தாழ்ந்த கண்கள், அசையாத கைகள். மகா பெரிய ஒயின் முன்னால் இப்படி வாயடைத்துப்போன மேசையை அவர் முன்பு பார்த்திருக்கிறார். இதுவும் அதுதான் என்று எடுத்துக்கொண்டார். நாக்கில் இனிப்பு இருந்தது, சூடு இருந்தது. கண்ணை மூடிக்கொண்டார். பேச ஆரம்பித்தார்.

நன்றாகத்தான் பேசினார். வெயிலில் வாடிய பழம் என்றார், பழைய மரம் என்றார், பொறுமை என்றார். கடைசியில், "இதுதான் அந்த வருஷத்தோட வாசனை. இத மனசுல வச்சுக்கோங்க. இனிமே அந்த வருஷத்துப் பாட்டில் எது வந்தாலும் இத வச்சுத்தான் அளக்கணும்" என்றார்.

மற்ற மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. டாக்டர் இன்னொரு தரம் முகர்ந்தார். "ஆமா... இப்ப தெரியுது" என்றார். மேனேஜர் தலையை ஆட்டினார். டீச்சர், "பழைய மரம், சரியான வார்த்தை" என்றார். தங்கள் மூக்கு ஒன்று சொல்ல, மூக்கர் ஒன்று சொன்னால், எதை நம்புவார்கள்?

மருந்துக்கடைப் பெண் கட்டுப்பாட்டை மீறினாள்.

"அண்ணா, தப்பா நினைச்சுக்காதீங்க. அடியில ஈர அட்டைப்பெட்டி மாதிரி ஒண்ணு வருதே?"

அந்த நொடியில் மூக்கருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. குனிந்த தலைகள் ஏன் குனிந்திருந்தன என்று புரிந்தது. ஒரு வார்த்தை போதும்: 'எனக்கு மூக்கு இல்லைம்மா.' வார்த்தை தொண்டை வரை வந்தது. மேசையைப் பார்த்தார். நாலு முகங்கள் அவர் மேல் இருந்தன. வந்த வார்த்தையை மென்று முழுங்கினார்.

"அது வயசோட வாசனைம்மா. இத்தன வருஷம் அடைஞ்சு கிடந்தா அப்படித்தான் இருக்கும். பழகினா உனக்கும் புரியும்."

"ஓ" என்றாள் அவள். கோப்பையை இன்னொரு தரம் முகர்ந்தாள், பாடம் கற்கிறவள் மாதிரி. பிறகு அங்கேயே போனை எடுத்து, "அப்பா, ரொம்ப நல்லா இருக்காம்ப்பா. மூக்கரண்ணனே சொல்லிட்டாரு" என்றாள். அந்தப் பக்கம் கிழவர் சிரிப்பது மேசை முழுவதும் கேட்டது.

அன்று வீட்டுக்கு வந்து அவர் முகத்தை இரண்டு தரம் கழுவினார். மனைவி, "என்ன ஆச்சு?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றார். தனக்குத் தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார்: இன்னொரு பாட்டில் இருக்கிறது. எல்லாத் தக்கையுமா கெட்டிருக்கும்? அது நன்றாக இருந்தால் அப்பாவும் மகளும் வயிறாரக் குடிப்பார்கள், முதல் பாட்டில் கதை மறந்துபோகும். கெட்டிருந்தாலும் தன் தலை உருளாது. இப்படியே பூசி மெழுகிக்கொண்டு கடையில் நின்றார். போனை எடுப்பார், மருந்துக்கடைப் பெண்ணின் எண் வரை போவார், வைத்துவிடுவார். "இது என்ன கறைங்க?" என்று வாடிக்கையாளர்களைக் கேட்க ஆரம்பித்திருந்தார். "உங்களுக்குத் தெரியாததா?" என்று சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

ஒரு திங்கட்கிழமை, கடை திறந்த கொஞ்ச நேரத்தில் ஒரு பெரியவர் உள்ளே வந்தார். அகலமான தோள், முடிச்சு முடிச்சான கைகள். ஒரு சாம்பல் நிறக் கோட்டை மேசை மேல் விரித்தார். வலது கை நுனியில் கருஞ்சிவப்பாக ஒரு பெரிய கறை.

"நீங்கதானே மூக்கரு? என் பொண்ணு மருந்துக்கடை வச்சிருக்கா. அன்னிக்கு என் பாட்டில நீங்க குடிச்சீங்க."

மூக்கருக்குக் கை கால் ஓடவில்லை. "உக்காருங்க" என்றார். உட்கார அங்கே நாற்காலி இல்லை.

"நேர்ல பாத்து ஒரு வார்த்தை சொல்லணும்னு இருந்தேன். கிரேன் ஓட்டினவனுக்கு ஒயினப் பத்தி என்ன தெரியும்? ஏமாந்துட்டியேடான்னு இத்தன வருஷமும் உள்ள ஒரு உதைப்புதான். நீங்க சொன்னதக் கேட்டு அப்பாடான்னு இருந்துச்சு." கையைப் பிடித்துக் குலுக்கினார். விட்டுவிட்டுக் கோட்டைக் காட்டினார். "நேத்து இன்னொண்ணத் திறந்தோம். நல்ல கோட்டு போட்டுக்கிட்டு உக்காந்தேன். அது கெட்டுப்போயிருந்துச்சுங்க."

"கெட்டுப்போச்சா?"

"ஆமா. பொண்ணு மோந்து பாத்தா. நீங்க சொன்ன அந்த வாசனையே இல்லையாம். அட்டை வாசனைதானே அந்த வருஷத்துக்கு இருக்கணும்? இதுல ஏதோ கறுப்புப் பழம் மாதிரி, பூ மாதிரி வந்துச்சாம். என்னமோ நடந்து மாறிப்போச்சுப்பான்னா. கெட்டது ஒண்ணு வீட்ல இருக்க விடமாட்டா அவ. நேரா சிங்க்ல கொட்டிட்டா. ஒரு வாய் குடுடி, கெட்டாலும் பரவால்லன்னு கையப் புடிச்சேன். உன் வயித்துக்கு ஆகாதுப்பான்னு உதறிட்டா. அதுலதான் இது பட்டுச்சு." சிரித்தார். "போகட்டும். ரெண்டுல ஒண்ணு தேறிச்சே. தெரிஞ்ச மனுஷன் குடிச்சீங்களே, அது போதும்."

மூக்கர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். நல்ல பாட்டில் சிங்க்கில் போய்விட்டது. கெட்டதை அவர் அளவுகோலாக்கிக் கொடுத்தார். அந்த அளவுகோலை வைத்து அவள் நல்லதை அளந்துவிட்டாள்.

"இந்தக் கறை போகுமா? மோந்தே சொல்லிடுவீங்களாமே" என்று பெரியவர் கோட்டுக் கையைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

பழக்கதோஷத்தில் மூக்கர் அதை வாங்கி முகர்ந்தார். இன்னொரு தரம் இழுத்து முகர்ந்தார். அந்த வருஷத்தில் மிச்சமிருந்தது அவர் கையில் இருந்த அந்தக் கறை பட்ட கம்பளி மட்டும்தான். அதில் ஒன்றுமே இல்லை. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஐயா, எனக்கு மூக்கு வேலை செய்யறதில்ல."

"என்னது?"

"காய்ச்சல்ல போயிடுச்சு. மழைக்காலத்துலேருந்தே இல்ல. அன்னிக்கும் இல்ல. நாங்க குடிச்சதுதான் கெட்ட பாட்டில். உங்க பொண்ணு நேத்து கொட்டினது..." அதற்கு மேல் வரவில்லை.

பெரியவருக்குப் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. புரிந்ததும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் மூக்கருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கோட்டை மெதுவாக வாங்கி, கறை பட்ட இடத்தைத் தன் மூக்கில் வைத்துக்கொண்டார். கண்ணை மூடி, கோப்பை முன்னால் உட்கார்ந்தவர் மாதிரி நிதானமாக முகர்ந்தார்.

"இதுவா?" என்றார்.

"அதுதாங்க."

"நல்லாத்தான் இருக்கு." கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டார். "பாவம், மூக்கு போனா நீங்க என்ன பண்ணுவீங்க? ஆனா பொண்ணுகிட்ட வந்து சொல்லிடுங்க. நல்லது அட்டையா மணக்குது, கெட்டது பூவா மணக்குது, தனக்கு மூக்கே கிடையாது, அந்த மேசைக்கு இனிமே போகமாட்டேன்னு உக்காந்திருக்கா. நான் சொன்னா நம்பமாட்டா."

மூக்கர் கடையின் ஷட்டரைப் பாதி வேலையில் இழுத்து மூடிவிட்டு அவர் பின்னால் நடந்தார். பக்கத்தில் நடக்க முடியவில்லை. பாவம் என்று சொன்ன அந்த ஒரு வார்த்தையைப் பற்றிக்கொண்டே போனார். காய்ச்சல், மூக்கு போயிற்று, தெரியாமல் நடந்துவிட்டது. இதைச் சொன்னால் அவளும் பாவம் என்பாள்.

மருந்துக்கடையில் கூட்டம். பெரியவர் ஓரமாக இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மூக்கர் வரிசையில் நின்றார். அவர் முறை வந்தபோது பின்னால் ஒரு தாயும் குழந்தையும், இருமிக்கொண்டு ஒரு இளைஞனும் நின்றிருந்தார்கள்.

"வாங்கண்ணா, என்ன வேணும்?" என்றாள். முகம் வாடியிருந்தது.

சொன்னார். வழியில் கட்டி வைத்திருந்தபடியே சொன்னார். காய்ச்சல், மழைக்காலம், டாக்டர் சொன்னது. அவள் கையில் இருந்த மாத்திரை அட்டையைக் கீழே வைத்தாள்.

"அப்ப அன்னிக்கு உங்க சட்டையில பூ வாசனை அடிச்சுதே, அது நிஜந்தானா?"

"நிஜந்தான்மா. வீட்ல துணிக்கு ஊத்தினது."

"நீங்களா சென்ட் வாசனையோட வருவீங்க, இதுவும் என் மூக்கோட கோளாறுதான்னு நினைச்சுட்டேன். நேத்துப் பாட்டில்ல பூ வாசனை வந்தப்பவும் அதான் நினைச்சேன்." நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "அண்ணா, ஒண்ணு கேக்கறேன். ஈர அட்டைப்பெட்டின்னு நான் சொன்னேன்ல? அப்ப உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

பின்னால் இருமல் நின்றது. மூக்கர் வழியில் கட்டி வைத்ததில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. தெரியவில்லை என்று சொல்லலாம். மூக்கில்லாதவனுக்கு எப்படித் தெரியும் என்று உலகமே ஒப்புக்கொள்ளும். பெஞ்சில் இருந்த பெரியவர் அவருக்காகத் தலையாட்டக்கூடத் தயாராக இருந்தார்.

"தெரிஞ்சுது" என்றார். "நீ சொன்ன உடனே தெரிஞ்சுது. தெரிஞ்சுதான் அப்படிச் சொன்னேன்."

பெஞ்சில் பெரியவரின் முகம் மாறியது. 'பாவம்' அதிலிருந்து இறங்கிப்போனதை மூக்கர் பார்த்தார். நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. தரை வழவழவென்று ஓடு பதித்து அப்படியே இருந்தது.

"அப்பா, அந்தக் கோட்டக் குடு" என்றாள்.

கவுண்டருக்கு மேலாக வாங்கிக் கறையை முகர்ந்தாள். வரிசை காத்திருந்தது. "கறுப்புப் பிளம்" என்றாள். குரல் நடுங்கிற்று. இன்னொரு தரம் முகர்ந்தாள், நடுக்கம் போய்விட்டது. "அத்திப்பழம். காய்ஞ்சது. அப்புறம் பூ, ஊதாப்பூ மாதிரி. கடைசியில கொஞ்சம் கசப்புச் சாக்லேட். தக்கையில ஒரு குறையும் இல்லப்பா. நீ வாங்கினது முதல் தரம்." கோட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். "நான்தான் கொட்டிட்டேன்."

பெரியவர் எழுந்து வந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, இத்தனைக்கும் பிறகு, கேட்ட கதைகளின் பழக்கத்தில் மூக்கர் பக்கம் திரும்பினார்.

"சரியா சொல்றாளா?"

கடைசியில் பேசுகிறவரின் முறை வந்துவிட்டது. வரிசையில் இருந்தவர்கள்கூட அவரைப் பார்த்தார்கள்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றார் மூக்கர், அவள் பக்கம் கை காட்டி. "அவங்களக் கேளுங்க."